போ நஷிமுவைப் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிடாதீர்கள்

ஓல்சா ஆற்றின் செக் கரையில் இயங்கும் போலிஷ் வழிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும், பெற்றோர் குழுக்களுக்கும், போலிஷ் பண்பாட்டு அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சைப் பிழைபட்ட போலிஷ் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதை நிறுத்துங்கள். போ நஷிமு என்று நாம் எல்லோரும் அழைக்கும் இந்த மலைப்பேச்சுக்கு வகுப்பறைக்குள் இடம் கொடுங்கள். ஆண்டுக்கொரு முறை விழா மேடையில் கொடுக்கும் இடம் போதாது. பாட நேரத்திலும் குறிப்பேட்டிலும் மதிப்பெண் தாளிலும் அதற்கு இடம் வேண்டும்.

நான் இந்த மண்ணில் பிறந்தவள் அல்ல, மதுரைக்காரி. யப்லுன்கொவ் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் மகள் உங்கள் பள்ளிகளில் ஒன்றில் படிக்கிறாள். என்னிடம் தமிழ், அப்பாவிடமும் பாட்டியிடமும் போ நஷிமு, பள்ளியில் போலிஷ், பஸ்ஸிலும் கடையிலும் செக் என்று நான்கு பேச்சுகளுக்கு நடுவில் வளர்கிறாள். வெளியூரிலிருந்து வந்தவளுக்கு இந்த விஷயத்தில் பேச என்ன உரிமை என்று சிலர் நினைக்கக்கூடும். என் பிள்ளை எந்தப் பேச்சில் சிரிக்கிறாளோ, எந்தப் பேச்சில் சண்டை போடுகிறாளோ, அதைப் பற்றிப் பேச அவளைப் பெற்றவளுக்கு உரிமை உண்டு. இம்மடலின் போலிஷ் வடிவம் உங்கள் கைக்கு வந்து சேரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம், நான் யோசிப்பது தமிழில்தான். என் மக்களும் இதை அறியட்டும் என்ற ஆசையும் உண்டு.

உங்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்காகச் சற்றே சொல்லிக்கொள்கிறேன். செக், போலந்து, ஸ்லோவாக்கியா ஆகிய மூன்று நாடுகளும் பெஸ்கித் மலைகளில் ஒன்றையொன்று தொடும் மூலையில் இருக்கிறது இந்தப் பகுதி. போலிஷ்காரர்கள் இதை ஸாவோல்ஜியே, அதாவது ஓல்சாவுக்கு அப்பால் என்பார்கள். நூற்றாண்டுகளாக இது செஷின் சிற்றரசின் பகுதி. பொஹிமிய அரசுக்கு அடங்கியிருந்தது, பிறகு ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கைக்குப் போனது. 1918இல் அந்த ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்ததும் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் இதற்காகப் போட்டியிட்டன. 1919 ஜனவரியில் சில நாள் சண்டையும் நடந்தது. 1920 ஜூலை 28 அன்று நேச நாடுகளின் தூதர்கள் ஓல்சாவை எல்லையாக்கிக் கோடு கிழித்தார்கள். செஷின் நகரமே இரண்டானது. கோட்டையும் பழைய சந்தைச் சதுக்கமும் போலந்துக்கு, ரயில் நிலையம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. 1938 அக்டோபரில் போலந்து இந்தக் கரையையும் எடுத்துக்கொண்டது. ஓராண்டுகூட நிலைக்காமல் அது ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. 1945இல் மறுபடியும் பழைய கோடு. 2007 டிசம்பரில்தான் இரு கரைகளையும் இணைக்கும் பாலத்தின் மீது சோதனையின்றி நடக்க முடிந்தது. கிராமத்தை விட்டு அசையாமல் மூன்று நான்கு அரசுகளைப் பார்த்துவிட்ட கிழவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அத்தனை அரசுகளுக்குள்ளும் அவர்கள் மாற்றாமல் வைத்திருந்தது பேச்சு ஒன்றுதான்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு என் மகள் தன் பாட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அவள் எழுதிய ஒரு வாக்கியம்: “ஸ்டார்கா பிராவிலி.” பாட்டி சொன்னார்கள் என்று பொருள். ஆசிரியை இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் அடித்து, மேலே பொதுப் போலிஷில் “பாப்சியா மூவிலா” என்று எழுதியிருந்தார். பாட்டி சொன்னாள். சொல் மாறியதைப் பற்றி எனக்குக் குறையில்லை. பள்ளிக்கூடம் பொதுமொழியைக் கற்றுத்தரத்தான் வேண்டும். என்னை உறுத்தியது அந்தத் திருத்தத்தில் காணாமல் போன மரியாதை.

தமிழ் வாசகர்களுக்கு இது உடனே விளங்கும். இந்தப் பேச்சில் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் பற்றிப் பேசும்போது, அவர்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும், வினைச்சொல்லைப் பன்மையில்தான் போடுகிறார்கள். அம்மா போனார்கள், தாத்தா தூங்குகிறார்கள் என்பதுபோல. நேரில் பேசும்போதும் அப்படித்தான், பாட்டியை ஒருமையில் அழைப்பதில்லை. நாம் வீட்டில் எப்படிப் பேசுகிறோமோ அப்படியே. பொதுப் போலிஷில் இந்த வழக்கம் இன்று இல்லை. அங்கே அந்நியர்களுக்குத் தனி மரியாதைச் சொற்கள் உண்டு. ஆனால் பாட்டியைப் பற்றிய வினை ஒருமைதான். பன்மையில் விளிப்பது பட்டிக்காட்டுத்தனம் என்றோ, பழைய கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டத்தின் மிச்சம் என்றோ போலந்துப் பெருநகரங்களில் தோன்றிவிடுகிறது. செக் மொழிக்காரர்களும் இன்று தங்கள் பாட்டியை ஒருமையில்தான் குறிப்பிடுகிறார்கள். ஆக, என் மகள் பேசும் நான்கில் தமிழும் போ நஷிமுவும் மட்டுமே பாட்டியைப் பன்மையில் வைக்கின்றன. மதுரைப் பாட்டியையும் மலைக் கிராமத்துப் பாட்டியையும் அவள் ஒரே இலக்கணத்தால் மதிக்கிறாள். புகுந்த வீட்டில் இந்த வினைமுற்றை முதன்முதலாகக் காதில் வாங்கியபோது, இங்கே என்னால் வாழ்ந்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சிவப்பு மையால் அடித்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த ஆசிரியைமீது எனக்குக் கோபம் இல்லை. அவரும் இதே மலையில் வளர்ந்தவர். இடைவேளையில் அவரே போ நஷிமுவில்தான் பேசுகிறார். மணி அடித்ததும் மாறிக்கொள்கிறார். நம் பள்ளிகளில் எல்லோரும் அப்படித்தான் மாறிக்கொள்கிறார்கள், பிள்ளைகள் உட்பட. அந்த மணியோசை ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு ஒரு பாடம் நடத்துகிறது. வீட்டுப் பேச்சு அறிவுக்கு உதவாதது, அதை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்பதே அந்தப் பாடம். பாடத்திட்டத்தில் எழுதப்படாத அதைத்தான் எல்லாப் பாடங்களிலும் நன்றாகப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

உங்கள் தயக்கத்தின் வேர் எனக்குத் தெரியும். அதை மதித்துத்தான் எழுதுகிறேன். இந்தப் பேச்சை வைத்தே உங்கள் முன்னோரைப் போலிஷ்காரர்கள் அல்லர் என்று சொன்னார்கள். எல்லைத் தகராறு நடந்த ஆண்டுகளில், இந்த மலைக்காரர்கள் போலிஷ்மயமாகிப்போன மொரேவியர்களே, அதாவது அடிப்படையில் செக் மக்களே என்ற வாதம் செக் தரப்பில் ஓங்கி ஒலித்தது. அந்த வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்தப்பட்டது இந்தப் பேச்சில் கலந்திருந்த செக் சொற்கள். இன்னொரு பக்கம் யூசெஃப் கோஜ்டோன் இருந்தார். செஷினையும் உள்ளடக்கிய சைலீசியா என்ற பெரிய நிலப்பரப்பின் பெயரில் 1909இல் சைலீசிய மக்கள் கட்சியைத் தொடங்கியவர், 1923 முதல் 1938 வரை செஷின் நகரின் செக் பாதியான செஸ்கி டெஷினின் மேயராக இருந்தவர். நாம் போலிஷும் இல்லை செக்கும் இல்லை, தனியான சைலீசிய மக்கள் என்றார். அவருடைய இயக்கம் ஜெர்மன் பண்பாட்டின் பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகு வந்த ஜெர்மன் ஆக்கிரமிப்பில் போலிஷ் பள்ளிகள் மூடப்பட்டன. 1940 ஏப்ரலில் போலிஷ் ஆசிரியர்கள் திரள் திரளாகக் கைது செய்யப்பட்டு வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை.

இத்தனைக்கும் பிறகு, தூய போலிஷ்தான் எங்கள் அடையாளச் சான்று, அதில் ஒரு கறையும் படக் கூடாது என்று உங்கள் தாத்தாக்கள் நினைத்ததில் வியப்பில்லை. 1885இல் பள்ளிச் சங்கம் அமைத்து, சுரங்கத் தொழிலாளிகளும் சிறு விவசாயிகளும் கொடுத்த காசைச் சேர்த்து, 1895இல் செஷினிலும் 1909இல் ஓர்லோவாவிலும் போலிஷ் உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தவர்கள் அவர்கள். பள்ளியில் பொதுப் போலிஷ் இல்லாமல் போயிருந்தால் இந்தச் சமூகமே கரைந்துபோயிருக்கும். அந்த உழைப்பை நான் தலைவணங்கி ஏற்கிறேன்.

ஆனால் இன்று ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. பொதுப் போலிஷைக் காக்க ஒரு முழு நாடே இருக்கிறது. பல்கலைக்கழகங்கள், தொலைக்காட்சிகள், பதிப்பகங்கள், கோடிக்கணக்கான வாய்கள் இருக்கின்றன. செக் மொழிக்கும் அப்படியே. போ நஷிமுவுக்கு இந்த ஆற்றங்கரையும் மலைச்சரிவும் அடுக்களைகளும் தவிர வேறு இடம் கிடையாது. செக் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் தங்களைப் போலிஷ் என்று பதிந்தவர்கள் 2001இல் 51,968 பேர், 2011இல் 39,096 பேர். பத்தே ஆண்டுகளில் இவ்வளவு சரிவு. இவர்களில் எல்லோரும் இந்தப் பகுதிக்காரர்கள் இல்லை என்றாலும், பெரும்பாலோர் இங்கிருப்பவர்கள்தான். கலப்புத் திருமணம், வேலைக்காக வெளியேறுவது, செக் பள்ளியே எளிது என்ற எண்ணம் எனக் காரணங்கள் பல. எந்தக் காரணமானாலும் வீட்டில் முதலில் அடங்கிப்போவது போ நஷிமுதான். அது போன வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிப் போலிஷ் ஆங்கிலத்தையும் ஜெர்மனையும் போல இன்னொரு பாடமாகிவிடுகிறது. வீட்டுப் பேச்சு இருக்கும்வரைதான் போலிஷ் பள்ளிக்குப் பிள்ளை வரும். நீங்கள் காக்க நினைப்பதன் அடித்தளம் நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பேச்சு.

இதை இரண்டுங்கெட்டான் பேச்சு என்று சொல்பவர்களை இங்கேயே நிறையப் பார்த்துவிட்டேன். போலிஷும் இல்லை, செக்கும் இல்லை, ஜெர்மன் வேறு கலந்த கூழ் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அதன் எலும்புக்கூடு முழுக்க போலிஷ். போலந்து மொழியியலாளர்கள் இதைப் போலிஷின் சைலீசிய வட்டார வழக்குகளில் ஒன்றாகவே வைக்கிறார்கள். செக் ஆய்வாளர்கள் சிலர் இரண்டும் கலந்த இடைநிலை வழக்கு என்று வகுத்தார்கள். ஆனால் வினைமுற்றைக் கேளுங்கள். நான் இருந்தேன் என்பதற்குப் பொதுப் போலிஷில் ‘பிவெம்’. செக்கில் ‘பில் செம்’. நம் மலையில் ‘பிவெஹ்’. அந்தக் கடைசி ஹகரம் பழைய ஸ்லாவிய இறந்தகால வடிவம் ஒன்றின் எச்சம் என்கிறார்கள் அறிஞர்கள். பொதுமொழி எப்போதோ உதறிவிட்டதை இந்த மலைக்காரர்கள் இன்னும் தினமும் பேசுகிறார்கள். அதைப் பிழை என்று குறிக்கும் பேனாவுக்கு அதன் வயது தெரியாது.

யப்லுன்கொவ் சுற்றுவட்டாரத்தின் ஒலியையும் சொல்ல வேண்டும். போலிஷில் அழுத்தமான ஷகரம் ஒன்றும் மென்மையான ஷகரம் ஒன்றும் தனித்தனி எழுத்துகள். இங்கே இரண்டும் ஒன்றாகி, இரண்டுக்கும் நடுவில் ஒலிக்கின்றன. நம்மூரில் பல வட்டாரங்களில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுவது போலத்தான். போலிஷ் மொழியியல் இந்த ஒலிமாற்றத்துக்கு இட்டிருக்கும் பெயரே ‘யப்வொன்கொவானியே’, இந்தச் சிறுநகரத்தின் பெயரிலிருந்து பிறந்த கலைச்சொல். வார்சாவிலும் கிராகோவிலும் மொழியியல் படிக்கும் மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். இங்கே, அந்த ஒலி பிறந்த ஊரில், சொல்வதெழுதுதலில் அந்த இரண்டு எழுத்தையும் மாற்றிப் போட்டுவிட்டு அழும் பிள்ளைக்கு இதை யாரும் சொல்வதில்லை. “உன் காது கெட்டுப்போகவில்லை, உன் ஊர் அப்படிப் பேசுகிறது, அதற்கு ஒரு பெயரும் உண்டு, இப்போது பொதுமொழியில் எப்படி எழுதுவது என்று பார்ப்போம்” என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா?

கலப்பு என்று இகழப்படும் சொற்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஆட்டுப்பால் கட்டிக்கு ‘பிரின்ட்சா’. கார்பாத்திய மலைத்தொடர் வழியாக மேய்ச்சலோடு நகர்ந்து வந்த வாலாக்கிய இடையர்கள் ருமேனிய நாக்கோடு கொண்டுவந்த சொல் அது. ஆடுகளைப் பால் கறக்க ஒவ்வொன்றாக விடும் இடுக்கு ‘ஸ்ட்ருங்கா’, அதுவும் அவர்களுடையது. ஸ்டோஜெக் பக்கத்திலுள்ள கிச்சோரி மலையின் பெயரிலும் அந்த இடையர்களின் தடம் இருக்கிறது. ஊர்த்தலைவர் ‘ஃபோய்ட்’, இடைக்கால ஜெர்மன் குடியேற்றத்தின் மிச்சம். 1839இல் திரினெட்ஸில் இரும்பாலை வந்ததும் அது ‘வெர்க்’ ஆயிற்று, அதில் பார்க்கும் முறைவேலை ‘ஷிஹ்டா’. 1870களின் தொடக்கத்தில் கோஷித்சேவுக்கும் பொஹுமீனுக்கும் இடையே ரயில் பாதை முழுமையடைந்தபோது தண்டவாளப் பாதைக்கு ‘ஷ்ட்ரேகா’. 1920க்குப் பிறகு அலுவலகம், ஓய்வூதியம், காப்பீடு என்று செக் சொற்கள். இடையனும் குடியானவனும் ஆலைத் தொழிலாளியும் எழுத்தரும் இந்த ஊருக்குள் வந்த வரிசையிலேயே சொற்களும் வந்து அமர்ந்திருக்கின்றன. வரலாற்றுப் பாடத்தை இந்தச் சொற்களிலிருந்து தொடங்கினால் எந்தப் பிள்ளையும் தூங்காது.

இதே மலைமக்களின் உறவுக்காரர்கள் ருமேனியாவிலும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். யப்லுன்கொவ் கணவாய்க்குத் தெற்கே, இன்றைய ஸ்லோவாக்கியாவின் ச்சாட்சா பகுதியிலிருந்து போலிஷ் பேசும் மலைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் புகோவினாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1834இல் நோவி சோவோனியெட்ஸ், அடுத்த ஆண்டு பிளெஷா, 1842இல் பொயானா மிகுலி என்று ஊர்கள் எழுந்தன. சுற்றிலும் ருமேனியர், உக்ரேனியர், ஜெர்மானியர், யூதர். அரசும் பலமுறை மாறியது. அந்தக் கிராமங்களில் பாட்டன் பேச்சு தலைமுறை தலைமுறையாக நின்றது. பள்ளி எப்போதும் துணைக்கு இருந்ததில்லை, வீடு இருந்தது. நமக்குப் பள்ளியும் இருக்கிறது. அது துணைக்கு வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மலையில் இன்னும் பேச்சு இருக்கிறது, கீழே சமவெளியில் நிலைமை வேறு. பழைய கார்வினாவை நினைத்துப் பாருங்கள். நிலக்கரிக்காகப் பூமியைக் குடைந்ததில் ஊரே உட்கார்ந்துவிட்டது. அல்கான்தராவின் புனித பேதுரு பெயரிலான தேவாலயம் முப்பது மீட்டருக்கும் மேல் கீழிறங்கி, சாய்ந்தபடி தனியாக நிற்கிறது. அதைச் சுற்றி இருந்த வீடுகளும் கடைகளும் அங்கே இல்லை. அந்த மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 1955இல் உருவான ஹாவீர்ஷொவ் போன்ற புதிய நகரங்களில் நாடெங்கிலுமிருந்து வந்தவர்களோடு கலந்தார்கள். படிக்கட்டில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரர் செக் மட்டுமே அறிந்தவர் என்றால், அம்மா பிள்ளையிடம் செக்கில் பேசத் தொடங்குகிறாள். சுரங்கத் தொழிலாளியின் போ நஷிமு மலைக்காரனுடையதிலிருந்து வேறுபட்டது, ஒலியிலும் சொல்லிலும். அதைப் பேசி வளர்ந்த கடைசித் தலைமுறை இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு நாம் இன்னும் போகவில்லை என்றால் வேறு யார் போவார்கள்?

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனம் செக் குடியரசில் 2007 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கார்வினா, ஃப்ரீடெக்-மீஸ்டெக் மாவட்டங்களில் போலிஷுக்கு அதன் மூன்றாம் பகுதியின் கூடுதல் பாதுகாப்பு உண்டு. பத்து விழுக்காடு சிறுபான்மையினர் வாழும் ஊர்களில் இரட்டை மொழிப் பெயர்ப்பலகை வைக்கலாம். அந்தப் பலகைகளின்மேல் இரவில் பெயின்ட் பூசுகிறவர்களை எதிர்த்து நீங்கள் பொறுமையாகப் போராடியிருக்கிறீர்கள். இந்தப் பாதுகாப்பு எல்லாம் பொதுப் போலிஷை மனத்தில் கொண்டது. பலகையில் இருப்பது வார்சாவின் எழுத்துமுறை, அந்த ஊருக்குள் கேட்பது போ நஷிமு. சாசனமும் சட்டமும் வட்டாரப் பேச்சை நேரடியாகக் கைதூக்கிவிடப் போவதில்லை. ஆனால் சிறுபான்மைப் பள்ளி என்ற உரிமையை வாங்கிய நீங்கள், அந்தப் பள்ளிக்குள் என்ன செய்யலாம் என்பதைப் பிராகாவிடம் கேட்க வேண்டியதில்லை.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். போ நஷிமுவைத் தனி மொழி என்று அறிவிக்கச் சொல்லவில்லை. போலந்தில் சைலீசிய வழக்கை வட்டார மொழியாக ஏற்கும் சட்டம் 2024 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, மே மாதம் குடியரசுத் தலைவர் அதைத் தடுத்துவிட்டார். அந்தச் சண்டைக்குள் நம் பிள்ளைகளை இழுக்க எனக்கு விருப்பமில்லை. போலிஷின் பிள்ளையாகவே இது இருக்கட்டும். பிள்ளையைப் பிள்ளை என்று ஒப்புக்கொண்டால் போதும்.

மேடையைப் பற்றியும் பேச வேண்டும். 1948 முதல் யப்லுன்கொவ் காட்டில் நடக்கும் கொரோல்ஸ்கி ஷ்வியென்டோ மலைக்காரர் விழாவின் பெயரே போ நஷிமுவில்தான் இருக்கிறது. ஆகஸ்டில் அங்கே போய் நின்றால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆயினும் ஆண்டு முழுவதும் பார்க்கும்போது ஒரு வருத்தம். மேடையில் போ நஷிமு பேசுவது நகைச்சுவைக்கும் மலைக்காரர் உடையில் நிற்கும்போதும்தான். கூட்டத்தைச் சிரிக்க வைத்து முடித்ததும், அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு பொதுப் போலிஷுக்கு மாறி நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்கிறார். சிரிக்க ஒரு பேச்சு, மதிப்புக்கு ஒரு பேச்சு என்று ஆகிவிட்டது. அடக்கத்தின்போது, ஊராட்சிக் கூட்டத்தில், புற்றுநோய் மருத்துவரிடம் போய்வந்ததைப் பாட்டி சொல்லும்போது, இந்தப் பேச்சு எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். இதில் கவிதை எழுதியவர்கள் உண்டு. நீடெக் கிராமத்து அனியெலா குபியெட்ஸின் கவிதைகளை நம் பள்ளிகளில் விழாவுக்கு ஒப்பிக்க வைக்கிறோம், பாடமாக வைப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, பெற்றோர் கூட்டங்களில் இதைப் பேசினால் முகங்கள் இறுகுகின்றன. போ நஷிமு பேசுபவர்களில் பலர் தங்களைச் செக் என்று பதிந்துகொண்டவர்கள். ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில்கூட, அண்ணன் போலிஷ், தம்பி செக். இருவரும் பொங்கலுக்குக் கூடும் சொந்தங்களைப் போல ஒரே மேசையில் அமர்ந்து இதே பேச்சில்தான் பேசுகிறார்கள். தேர்தலிலும் பள்ளிச் சேர்க்கையிலும் பிரிகிற அவர்களை ஒன்றாக உட்காரவைப்பது இந்தப் பேச்சு மட்டும்தான். போலிஷ் அமைப்புகள் அவர்களை விட்டுவிட்டு ஒலிப்பதிவு செய்தால் பாதிப் பேச்சுதான் கிடைக்கும். செக் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் கலந்துகொள்ளும்படி ஏதாவது செய்ய நாம் முன்வர வேண்டும். அவர்களைப் போலிஷாக்கும் நோக்கம் அதில் இருக்கக் கூடாது. இருந்தால் முதல் நாளே அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் எழுந்து போவதும் நியாயமே.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள்.

தொடக்க வகுப்புகளில் வீட்டுச் சொல்லைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். பக்கத்தில் பொதுச் சொல்லை எழுதுங்கள், இரண்டும் நிற்கட்டும். ‘ஜூன்ஜிச்’ என்று பிள்ளை எழுதினால், நம் மலையில் அதற்குப் பேசுவது என்று பொருள், கிராகோவில் ஆட்சி செய்வது என்று பொருள் எனச் சொல்லுங்கள். இரண்டு பொருளும் தெரிந்த பிள்ளை கிராகோ பிள்ளையைவிடக் கூடுதலாக ஒன்று அறிந்த பிள்ளை. ஆண்டில் சில கட்டுரைகளையாவது போ நஷிமுவில் எழுத விட்டு, அவற்றுக்கும் முழு மதிப்பெண் போடுங்கள்.

எப்படி எழுதுவது என்ற கேள்வி வரும் என்று தெரியும். போலிஷ் எழுத்துகளில் எழுதுவதா, இளைஞர்கள் செல்போனில் செய்வதுபோல் செக் எழுத்துகளையும் சேர்ப்பதா? இதற்கு ஒரு குழு அமைத்து, அந்தக் குழு பத்தாண்டு விவாதித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஓல்சாவின் மறுகரையில் 1995லேயே செஷின் சைலீசிய வழக்குக்கு அகராதி வந்துவிட்டது. அதிலுள்ள எழுத்துமுறையிலிருந்து தொடங்கலாம். பிள்ளை வேறு மாதிரி எழுதினாலும் கேலி செய்யாமல் விட்டால் போதும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஊர் ஊராக அனுப்பிப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வைப்பதுதான் எல்லாவற்றிலும் அவசரம். ஆடு மேய்த்தது, இறகு உரித்த குளிர்கால இரவுகள், முதல் நாள் வெர்க்குக்குள் நுழைந்தது, போர்க்காலத்தில் ஜெர்மானியர் எந்த இனப் பட்டியலில் பெயர் எழுதச் சொன்னார்கள் என்பது எல்லாம். பேச்சு மட்டும் போதாது, யார் எந்தக் கிராமம், எந்த ஆண்டு பிறந்தவர் என்ற குறிப்பும் வேண்டும். ஹர்ச்சாவாவின் பேச்சும் பிஸ்திரிட்சாவின் பேச்சும் ஒன்றல்ல, அந்த வேற்றுமையும் பதிவாக வேண்டும். செல்போன் போதும் இதற்கு. பணம் பெரிய தடை என்று நான் நம்பவில்லை. பாட்டியின் முன் உட்கார்ந்து பேத்தி கேள்வி கேட்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு என்று பள்ளி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மதிப்பெண் என்றால் நம் பிள்ளைகள் மலையேறியும் செய்வார்கள்.

பள்ளிக்குள் போ நஷிமு வந்தால் பொதுப் போலிஷ் கெட்டுவிடும் என்ற அச்சத்தை நான் ஏற்கவில்லை. இரண்டையும் தனித்தனியாக அடையாளம் காணத் தெரிந்த பிள்ளைதான் இரண்டையும் நன்றாகப் பேசும். தெரியாத பிள்ளை இரண்டிலும் தடுமாறி, கடைசியில் தடுமாற்றம் இல்லாத மூன்றாவதான செக்குக்குப் போய்விடும். அந்த மூன்றாவது வழிதான் இன்று மிகவும் நடமாட்டமுள்ளது. அதில் நடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளை நம் வகுப்பறைகளில் நீங்கள் பார்ப்பதில்லை.

என் கணவர் குடும்பத்தில் மூத்தவர்கள் இன்னும் பேசக்கூடிய நிலையில் இருக்கிறார்கள். எங்கள் கிராமத்துப் பதிவுகளைத் தொடங்கி வைக்க நாங்கள் தயார். கேட்டு எழுதும் வேலையை நானே செய்கிறேன். இந்தப் பேச்சை வளர்ந்த பிறகு கற்றவள் என்பதால் ஒவ்வொரு ஒலியையும் நிறுத்தி நிறுத்திக் கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. அடுத்த கல்வியாண்டுக்கான திட்டத்தை நீங்கள் முடிவு செய்யும் கூட்டத்தில் இம்மடலை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். மறுப்பதானாலும் பரவாயில்லை. காரணத்தை எழுத்தில் கொடுங்கள், பெற்றோர்கள் எல்லோரும் படிக்கும்படி. ஒப்புக்கொள்வதானால் செப்டம்பரில் பள்ளி திறக்கும்போதே தொடங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தாய்